கவலை உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கக் குறைவு உடலைக் கெடுக்கும்

களியக்காவிளையைத் தாண்டி, இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்குள் நுழையும் தமிழருக்கு ஒரு சொல் தடுமாற்றம் தருவதுண்டு. 'வேதனை' என்பதே அந்தச் சொல். தமிழில் வேதனை என்றால் பெரும்பாலும் மனம் படும் பாடு. மலையாளத்தில் 'வேதன' என்றால் முதலில் உடம்பு வலி. பல் வலி, தலை வலி, நெஞ்சு வலி எல்லாமே அங்கே 'வேதன'தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் "எவிடயா வேதன?" என்று கேட்கும்போது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் வயிற்றையோ முதுகையோ காட்டாமல், ஊரில் உள்ள கடனையும் மகளின் கல்யாணச் செலவையும் சொல்லத் தொடங்கினால் அதில் வியப்பில்லை.

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அந்தப் பதில் முற்றிலும் தவறானது அல்ல. கடன் கவலைக்கும் வயிற்று எரிச்சலுக்கும், உறக்கமில்லாத இரவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும், நேரம் தவறிய சாப்பாட்டுக்கும் சர்க்கரை வியாதிக்கும் உறவு உண்டு என்பதை மருத்துவ உலகம் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறது. மனம், உறக்கம், உணவு ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் விழுந்த முடிச்சு. ஒன்று இறுகினால் மற்ற இரண்டும் இறுகும். ஒன்றைத் தளர்த்தினால் மற்றவையும் சிறிது தளரும்.

பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்திருக்கும் தொழிலாளியும் குமாஸ்தாவும் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். ஏனென்றால் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் இறுக்கும்படி அமைந்திருக்கிறது.

ஒரு நாளின் கணக்கு

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை விளவங்கோடு தாலுகாவும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் ஒரே ராஜ்யத்தில் அடுத்தடுத்து இருந்தவை. அன்றுதான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. எல்லைக் கோடு விழுந்ததே தவிர, போக்குவரத்து நிற்கவில்லை. 1979-ல் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதை திறந்த பிறகு அது மேலும் பெருகியது. களியக்காவிளை, பனச்சமூடு, நீரோடிப் பக்கங்களிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரு வகை. பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய இடங்களில் அறை எடுத்துத் தங்கி, மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை.

முதல் வகையில் ஒரு குமாஸ்தாவை மனத்தில் வைத்துப் பார்க்கலாம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அவர் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிறார். ஒரு டீயுடன் புறப்படுகிறார். காலைப் பலகாரத்துக்கு நேரமில்லை. பதினொரு மணிக்கு ஆபீஸ் அருகில் வடையும் டீயும். மத்தியானம் ஓட்டல் சாப்பாடு. மாலையில் களைப்புக்கு ஒரு டீ, ரயிலுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்று. வீடு திரும்ப இரவு எட்டு, எட்டரை. ஒன்பதரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. பதினொரு மணிக்குப் படுக்கை. படுத்த பிறகுதான் வட்டிக்காரனும் பள்ளிக்கூடக் கட்டணமும் நினைவுக்கு வருகின்றன. கண் மூட நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணி. மறுபடியும் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஆக, உறக்கம் நான்கு மணி நேரம்.

கொத்தனார், சித்தாள், ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று விற்கும் பெண், இரவெல்லாம் லாரி ஓட்டித் திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் காய்கறி இறக்கும் டிரைவர், ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி, பாலராமபுரத்தில் தறியில் உட்காரும் நெசவாளி என்று வேலைக்கு வேலை கணக்கு மாறலாம். ஆனால் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் தொகை ஏறக்குறைய ஒன்றுதான். உறக்கம் குறைவு, சாப்பாடு நேரம் தவறியது, மனத்தில் ஓயாத கணக்கு.

உடம்புக்குள் நடப்பது என்ன?

திடீரென்று ஒரு நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ, அதைத்தான் கவலையின்போதும் செய்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ஓடுவதற்குச் சக்தி வேண்டும் என்பதால், ஈரல் தான் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

நாய் போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் கடன் அப்படிப் போவதில்லை. தினமும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பு ஓடத் தயாராகவே நிற்கிறது, ஓடுவதோ இல்லை. வெளியே விட்ட சர்க்கரை செலவாகாமல் ரத்தத்தில் நிற்கிறது. இறுகிய குழாய்கள் தளர நேரம் கிடைப்பதில்லை. வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல், கழுத்து வலி, படபடப்பு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. "எல்லாம் மனப் பிரமை" என்று இவற்றைத் தள்ளிவிடுவது தவறு. காரணம் மனத்தில் இருந்தாலும் நோவு உடம்பில் உண்மையாகவே இருக்கிறது.

இரவு உறக்கம் உடம்புக்குக் கிடைக்கும் பழுதுபார்க்கும் நேரம். நல்ல உறக்கத்தில் ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிடப் பத்து முதல் இருபது சதவிகிதம் வரை இறங்கும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு. உறக்கம் இல்லாதவருக்கு அந்த ஓய்வும் இல்லை.

நான்கு மணி நேர உறக்கத்தின் விளைவு

மேலே சொன்ன குமாஸ்தாவின் நான்கு மணி நேர உறக்கத்தை அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதனைச் சாலையிலேயே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நோய் நொடி இல்லாத 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். 1999-ல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆறே நாளில் அந்த இளைஞர்களின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறமை மந்தமாகிவிட்டது. மாலையில் குறைய வேண்டிய கார்ட்டிசால் குறையாமல் நின்றது. பிறகு நன்றாக உறங்கவிட்டதும் நிலைமை சீரடைந்தது.

இதில் பயமும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது. ஆறு நாளில் கெடும் என்பது பயம். உறங்கினால் திரும்பும் என்பது ஆறுதல். ஆனால் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் ஆறு நாள் அல்ல, ஆறு வருஷம், பதினாறு வருஷம் இப்படி உறங்குகிறார் என்பதை மறக்கக் கூடாது.

உறக்கம் குறைந்தவருக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. இரவில் கண் விழித்த மறுநாள் இட்லியைவிடப் பொரித்த பண்டத்திலும் இனிப்பிலும் கை அதிகம் போவது இதனால்தான். அது நாக்கின் ருசி மட்டும் அல்ல. உறங்காத உடம்பு கேட்கும் கேள்வி.

டீக்கடைக் கணக்கு

இங்கே டீ ஒரு பானம் மட்டும் அல்ல. பசிக்கும் டீ, களைப்புக்கும் டீ, நண்பரைப் பார்த்தாலும் டீ. ஒரு டீயில் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 8 கிராம். நாளைக்கு ஆறு டீ குடித்தால் 48 கிராம். ஒரு மனிதர் ஒரு நாளில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொன்னது. ஆக, வேறு இனிப்பு எதையும் தொடாமலே டீக்கடையில் அந்த எல்லை முடிந்துவிடுகிறது.

டீயிலும் காப்பியிலும் உள்ள காபீன், குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் ஏறக்குறையப் பாதி ரத்தத்தில் இருக்கும். மாலை ஆறு மணி டீயின் பாதி, பதினொரு மணிக்குப் படுக்கும்போதும் உடம்பில் விழித்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடிப்பவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பெண்களுக்குச் சோகை வரும் வழிகளில் இதுவும் ஒன்று. சோகை வந்தால் படபடப்பும் களைப்பும் வரும். அதைக் கவலை என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

அடுத்தது மது. "கொஞ்சம் போட்டால்தான் உறக்கம் வருகிறது" என்பது அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மது கண்ணை மூட வைக்கும் என்பது மெய். ஆனால் பின்னிரவில் உறக்கத்தை அதுவே உடைத்துவிடும். மூன்று மணிக்கு விழிப்பு, தாகம், வியர்வை, படபடப்பு. மறுநாள் கவலை இரட்டிப்பு. அதை மறக்க மறுபடியும் மது. கைக்காசும் போகும், ஊருக்கு அனுப்பும் பணமும் குறையும், கவலைக்குப் புதிய காரணமும் கிடைக்கும்.

உணவு மனத்தையும் தொடும்

கவலை உணவைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உணவு மனத்தைத் திருத்துமா? ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பழம், பயறு வகை, முழுத் தானியம், மீன் ஆகியவை மிகுந்த உணவைச் சாப்பிட 12 வாரம் வழிகாட்டினார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத் துணை மட்டும். உணவு மாற்றியவர்களில் 32 சதவிகிதம் பேருக்கு நோய் நீங்கிய நிலை ஏற்பட்டது. மற்றவர்களில் 8 சதவிகிதம் பேருக்கே அப்படி ஆனது. சோதனை சிறியது. சாப்பாடு மாத்திரைக்கு மாற்று என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் தட்டில் விழுவது மனத்திலும் போய்ச் சேருகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

அதற்காகச் சீமைப் பண்டம் எதையும் தேட வேண்டியதில்லை. சிவப்பரிசிக் கஞ்சியும் சிறுபயறும் இந்த நாட்டின் பழைய சாப்பாடு. சாளை மீன் விலை இறங்கும் நாள்களில் ஏழைக்கும் எட்டும். கீரை, முருங்கைக்காய், வெள்ளரிக்காய், பழம் எல்லாம் பாறசாலைச் சந்தையிலும் களியக்காவிளைச் சந்தையிலும் கிடைக்கின்றன. மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும்; ஆனால் அதில் பெரும்பகுதி மாவுச் சத்துதான். சர்க்கரை வியாதிக்காரர் அதை அளவோடு, மீனோ பயறோ சேர்த்துச் சாப்பிட வேண்டும். கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் உப்பு எல்லை மீறிவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டி அளவுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு.

கொட்டாரக்கரைக்காரரின் ஆராய்ச்சி

மாரடைப்பு ஏன் வருகிறது என்று 52 நாடுகளில் ஒரே சமயத்தில் ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் சலீம் யூசுப். இவர் கேரளத்தில் கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவில் பணிபுரிந்து உலகப் புகழ் பெற்ற இதய நோய் நிபுணர். மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத அதே அளவு பேரையும் ஒப்பிட்டு 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்பது காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பொறுப்பு என்று அது கண்டது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, தொந்தி, காய்கறி பழக் குறைவு, உடல் அசைவின்மை ஆகியவற்றுடன் அந்தப் பட்டியலில் நின்றது மன நெருக்கடி. மனக்கவலை இதயத்தைத் தொடும் என்று பாட்டிமார் சொன்னதை, 52 நாடுகளின் கணக்குப் புத்தகம் உறுதி செய்தது எனலாம்.

எல்லையின் இரு பக்கமும் சர்க்கரை வியாதியின் கணக்கும் கவனிக்கத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. அதன்படி வயது வந்தோரில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம், கேரளத்தில் 25.5 சதவிகிதம். எல்லையைத் தாண்டியதால் யாருக்கும் சர்க்கரை வந்துவிடாது. ஆனால் புதிய ஊரின் ஓட்டல் சாப்பாடும் உட்கார்ந்த வேலையும் உறக்கக் குறைவும் சேர்ந்தால், எந்த ஊர்க்காரரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

நெய்யாற்றின்கரையில் நடந்த முயற்சி

இந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா என்று பார்க்க, உலகம் கவனித்த ஒரு முயற்சி நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே நடந்தது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் நிபுணர்களும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக நிபுணர்களும் சேர்ந்து நடத்திய கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டமே அது. தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் சர்க்கரை வியாதி வரக்கூடிய அபாயத்தில் இருந்தவர்கள்; வியாதி இன்னும் வராதவர்கள்.

அவர்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட அளவுகோல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வகுத்தது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. வயது என்ன, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, உடல் உழைப்பு உண்டா, தாய் தந்தைக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கே கேள்விகள். நூற்றுக்கு 60-ம் அதற்கு மேலும் மதிப்பெண் வந்தால் அபாயம் அதிகம். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கினால் மகிழ்ச்சி. இந்தப் பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கினால்தான் மகிழ்ச்சி. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டினாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும். ஒரு தையல்காரரின் டேப் இருந்தால் போதும்.

பாதிப் பகுதிகளில் ஒரு வருஷ காலம் 15 கூட்டங்கள் நடந்தன. அவற்றில் 12 கூட்டங்களை நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல; அந்தந்தப் பகுதியிலிருந்தே பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி, சாப்பாட்டையும் நடையையும் புகை, மதுப் பழக்கத்தையும் பற்றிப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் நினைவூட்டிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கணக்கெடுத்து, 2018-ல் முடிவு வெளியானது. கூட்டம் நடக்காத பகுதிகளில் 17.1 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்திருந்தது. நடந்த பகுதிகளில் 14.9 சதவிகிதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், வியாதியைத் தடுத்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் பெருமை பேசவில்லை. ஆனால் வேறு சில மாற்றங்கள் தெளிவாகத் தெரிந்தன. குழுவில் இருந்தவர்களிடம் மது குறைந்திருந்தது. காய்கறியும் பழமும் போதிய அளவு சாப்பிடுவோர் கூடியிருந்தனர். உடல் இயக்கம் நன்றாக இருப்பதாக அவர்கள் சொன்னது மற்றவர்களைவிட அதிகம்.

அந்தத் திட்டம் சர்க்கரையைப் பற்றியது. உறக்கத்தைப் பற்றியது அல்ல. இருந்தாலும் அதில் எல்லாருக்கும் ஒரு பாடம் உண்டு. தனியாக ஒருவர் பழக்கத்தை மாற்றுவது கடினம். நாலு பேர் சேர்ந்தால் அந்தச் சுமை இலேசாகும்.

அறைத் தோழர்களே போதும்

ஊரை விட்டு வந்தவருக்கு அக்கம்பக்கம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அறைத் தோழர்கள் இருக்கிறார்கள். தினமும் ஒரே பெட்டியில் ஏறும் ரயில் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களே குழு ஆகலாம். முறை வைத்துச் சமைத்தால் ஓட்டல் செலவு குறையும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் குறையும். காலையில் புறப்படும் முன் நேற்றைய சோற்றில் நீர் விட்ட கஞ்சியோ, ஒரு பழமும் கொஞ்சம் பயறுமோ சாப்பிட ஐந்து நிமிஷம் போதும். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷம் சுறுசுறுப்பாக நடக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவை விட்டுவிட்டு நாலு பேராக நடந்தால் அந்தக் கணக்கு தானே நிறையும். நாள் முழுதும் கல் சுமப்பவருக்குத் தனி நடை வேண்டாம். அவருக்கு வேண்டியது தண்ணீரும் ஓய்வும்.

முக்கியமாக, கவலையை வாய்விட்டுச் சொல்ல ஒரு காது கிடைக்கும். ஊருக்குப் போன் செய்யும்போது 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று மட்டுமே சொல்லிப் பழகியவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

உறங்கச் சில வழிகள்

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். அது ஒரே நாளில் கிடைத்துவிடாது. அரை மணி நேரம் கூட்டினாலும் லாபம்தான்.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுந்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். மத்தியானத்துக்குப் பிறகு டீயைக் குறைக்கலாம். மாலைக் கவலைகளைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நாளை செய்யக்கூடியது எது என்று குறித்துவிட்டால் மனம் சிறிது அடங்கும். படுத்து இருபது நிமிஷம் ஆகியும் உறக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் அசரும்போது திரும்பப் படுக்கலாம். கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காமல் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

இரவு வேலைக்காரர்கள் வேலைக்குப் போகும் முன்பே முக்கியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நடு இரவில் இலேசாகச் சாப்பிடலாம். வேலையின் பின்பாதியில் டீ வேண்டாம். பகலில் ஜன்னலுக்குத் துணி கட்டி இருட்டாக்கிக்கொண்டு உறங்கலாம். கண் சொக்கும்போது லாரியை ஓரம் கட்டி இருபது நிமிஷம் உறங்குவது சோம்பல் அல்ல. அது உயிர்ப் பாதுகாப்பு.

நண்பர் தந்தார் என்றோ, தெரிந்த கடை என்றோ உறக்க மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்திருத்தும் சிகிச்சையையே தர வேண்டும் என்று அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று 2016-ல் பரிந்துரைத்தது.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது?

நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் இவை வந்தால் 'வாயு' என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. கவலையால் வரும் படபடப்பும் இப்படித் தோன்றலாம். ஆனால் எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். 108 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸ் வரும்.

பலத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் பகலில் ஓயாத தூக்கமும் சேர்ந்திருந்தால் அதுவும் ஒரு வியாதி, சிகிச்சை உண்டு. காரணமின்றி இளைப்பதும் கை நடுங்குவதும் படபடப்பதும் தைராய்டு கோளாறாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் எதிலும் விருப்பமும் போய்விட்டால் அது வெறும் கவலை அல்ல. மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். கேரளத்தின் குடும்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய 'ஆஸ்வாசம்' என்ற திட்டம் உண்டு. மொழி தயக்கம் உள்ளவர்கள் சில சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூச்சு வாங்குவது 'கிதப்பு', தலை சுற்றல் 'தலகறக்கம்', உறக்கமின்மை 'உறக்கமில்லாய்ம'. நெஞ்செரிச்சலையும் நெஞ்சு வலியையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. வலி என்றால் 'நெஞ்சு வேதன' என்றே சொல்ல வேண்டும்.

மனநலம் என்றதும் ஊளம்பாறை ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிக் கேலி பேசுவது திருவனந்தபுரத்தில் பழைய வழக்கம். அந்தக் கேலிக்குப் பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. அவர்களுக்காகவே மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேச வசதி உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கேனும் தலைகாட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அழைக்க வேண்டும். அவரைத் தனியே விடக் கூடாது.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஆனால் மாத்திரை ஊரிலும் ஆள் பாறசாலையிலும் இருந்தால் பயன் இல்லை. ஊருக்குப் போகும்போது அடுத்த தடவை வரை தேவையானதை எடுத்து வர வேண்டும். டாக்டர் சீட்டின் நகல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். தலைவலி இல்லை என்பதால் ரத்தக் கொதிப்பு இல்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியவர்கள் பக்கவாதத்தில் விழுந்த கதைகளை எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம்.

கடனும் கல்யாணச் செலவும் ஒரு நாளில் தீராது. சம்பளம் ஒரு நாளில் உயராது. ஆனால் மாலை டீயை விடுவதும், இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவருவதும், அரை மணி முன்பாகப் படுப்பதும் இன்றே செய்யக்கூடியவை. குடும்பத்துக்காக உறக்கத்தை விற்கிறவர், அந்தக் குடும்பத்தின் ஒரே சொத்து தம் உடம்புதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டாக்டர் "எவிடயா வேதன?" என்று கேட்கும்போது நோவு உள்ள இடத்தைக் கையால் காட்டுவது முதல் கடமை. அதன் பிறகு தயங்காமல் உறக்கத்தையும் சாப்பாட்டையும் கவலையையும் சேர்த்தே சொல்லலாம். அந்தக் கேள்விக்கு அப்போதுதான் முழுப் பதில் கிடைக்கும்.